தேதி இல்லாத பொட்டலம்

போன மாசியில் 12 காளான் படுக்கை போட்டேன். அதில் 9 பச்சை பிடித்துக் கெட்டுப்போனது. வெள்ளை வெளேரென்று படர்ந்து வர வேண்டிய பையில், எட்டாம் நாள் பார்த்தால் விதை தூவிய வரிசையை ஒட்டியே பாசி படிந்தாற்போல் பச்சைத் திட்டு. பத்தாம் நாள் கொட்டகைக் கதவைத் திறந்தாலே புளித்த வாடை. ஒவ்வொரு பையாக அவிழ்த்துக் கொல்லைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, அண்டாவில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, பையில் அடைத்துக் கட்டிய இரண்டு நாள் பாடு அந்தக் குழிக்குள் போயிற்று.

விதை வாங்கிய இடத்தில் போய்ச் சொன்னேன். "வைக்கோல் சரியா வெந்திருக்காதுக்கா. இல்லேன்னா ஈரம் ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்றார் அங்கிருந்த தம்பி. முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டிருக்கிறேன். ஒரு பிடி வைக்கோலை அள்ளி இறுக்கிப் பிழிந்து, உள்ளங்கை நனைகிறது, சொட்டு விழவில்லை என்று பார்த்த பிறகுதான் பையில் வைத்திருக்கிறேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்? "சரி தம்பி, இந்த விதை எப்போ தயார் பண்ணுனது?" என்றேன். "புதுசுதான்க்கா" என்றார். புதுசு என்றால் என்றைக்கு? மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை, ரகத்தின் பெயர் இல்லை, எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பேனாவால் ஏதோ ஒரு எண் எழுதியிருந்தது. அதுவும் ஈரத்தில் கரைந்து நீலக் கறையாக இருந்தது.

என் ஆற்றாமை எல்லாம் இந்த ஒன்றுதான். பெட்டிக்கடை ரொட்டிக்குத் தேதி உண்டு. பால் பாக்கெட்டுக்குத் தேதி உண்டு. உயிரோடு இருக்கிற ஒரு பொருளை விலைக்குக் கொடுக்கிறார்களே, அதற்கு ஏன் இல்லை?

விதை என்று பெயர்தான். நெல் மாதிரி கோட்டை கட்டி அடுத்த பட்டம் வரை வைத்துக்கொள்ள முடிகிற விதை இல்லை இது. சோளத்தை வேகவைத்து, சுண்ணாம்புத் தூள் கலந்து, பையில் அடைத்து, வாயில் பஞ்சு வைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, அதன்மேல் படரவிட்ட காளான் பூசணம். அந்தச் சோளம்தான் அதற்குச் சாப்பாடு. நாள் ஆக ஆக அது முதிர்கிறது. வெள்ளை மங்கி மஞ்சள் ஏறும். பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கையால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டிய மணிகள் கல்லாக இறுகிவிடும். இப்படிச் சோர்ந்துபோன விதையைப் போட்டால் வைக்கோலில் படரும் வேகம் இருக்காது. அது மெல்லத் தலையெடுப்பதற்குள் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். வேகவைத்தது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தப் பந்தயத்தில் நாம் தோற்கத்தான் வேண்டும்.

கொடுமை என்னவென்றால், இன்று வாங்கும் விதையின் லட்சணம் இன்றே தெரிவதில்லை. படுக்கை முழுக்க வெளுக்க 15 முதல் 20 நாள் ஆகும். அதற்குள் காலிப் பொட்டலம் குப்பைக்குப் போயிருக்கும். கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் நாம் போய் நிற்போம். விதை பழையதா, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வெயிலில் வெந்ததா, வைக்கோல்தான் வேகவில்லையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல முடியாத தப்பெல்லாம் வீட்டில் காளான் போடுகிற பெண் தலையில்தான் விடிகிறது. கடையில் "நீங்க சரியா செய்யலக்கா" என்பார்கள். வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார்கள். பொட்டலத்தில் ஒரு தேதி இருந்திருந்தால் பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லியிருக்கும்.

ரகத்தின் பெயர் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை. சிப்பிக் காளான் விதை உடனே போட முடியாமல் போனால் ஃப்ரிட்ஜில் கொஞ்ச நாள் தாங்கும். பால் காளான் அப்படி இல்லை. அது 30, 35 டிகிரி வெக்கையில் செழிக்கிற ஜாதி. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.பி.கே. 2 ரகம் நம் கோடைக்கே ஏற்றது. அதற்குக் குளிர் ஆகாது. ஆனால் கடையில் எல்லாருக்கும் ஒரே வசனம்: "ஃப்ரிட்ஜ்ல வச்சுக்குங்க." நானும் அதை நம்பிப் பால் காளான் விதையை மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். எடுத்துப் போட்டபோது ஒரு இழைகூட ஓடவில்லை. இரண்டும் அதே சோளம், அதே பை, அதே பஞ்சு, அதே வெள்ளை. பெயர் எழுதாவிட்டால் கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்பிக் காளான் விதைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் பத்திரமான இடம் என்று சொல்ல மாட்டேன். மாவு பொங்கும் தூக்குக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவில் அது கிடக்கிறது. "இடம் இல்லம்மா" என்று அத்தை அதை மேலே ஐஸ் பெட்டிக்குள் ஒருமுறை தள்ளிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? உறையக் கூடாது என்று அதன்மேல் எழுதியா இருக்கிறது? மேல்தட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் பஞ்சை நனைத்தால் போதும், வேண்டாத பூசணம் அந்த ஈரத்தின் வழியாகவே உள்ளே இறங்கிவிடும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொண்டால் அது நியாயம் ஆகாது. எங்கள் வீட்டிலேயே நடந்ததையும் சொல்கிறேன். வேகவைக்க விறகும் நேரமும் இல்லாதவர்கள் மருந்துத் தண்ணீரில் வைக்கோலை ஊறவைப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 125 மில்லி ஃபார்மலின், 7.5 கிராம் கார்பன்டசிம், 16 முதல் 18 மணி நேரம் ஊற வேண்டும். அதற்காகக் கொஞ்சம் ஃபார்மலின் கேட்டேன். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டேன். பார்த்தால் பச்சைத் தண்ணீர். மதியம் விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்த சின்னவன் அந்த பாட்டிலைத் தூக்கி மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் பாட்டிலைக் கீழே போட்டான். இரண்டு சுற்று திருகியிருந்தான். இன்னும் ஒரு சுற்று என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அன்றோடு ஃபார்மலினை வீட்டுக்குள் விடுவதில்லை. எவ்வளவு விறகு ஆனாலும் வேகவைப்பதுதான்.

மற்ற சாமான்களும் இப்படித்தான். ரோஜாச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்த தெளிப்பானையே எடுத்துப் படுக்கைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். காளான் தண்ணீரை உறிஞ்சி வளர்கிற பொருள். தெளித்தது எதுவோ அதைத்தான் நாம் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறோம். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வைக்கோலுக்கும் எந்த அறுவடை என்ற கணக்கு இல்லை. ஐப்பசி மழையில் நனைந்து கறுத்துக் காய்ந்த கட்டும், தையில் அறுத்த புதுக்கட்டும் ஒரே போரில் கலந்து கிடக்கின்றன. நனைந்து மக்கிய வைக்கோலில் எத்தனை நல்ல விதை போட்டாலும் பச்சைப் பூசணம்தான் விளையும்.

சொல்லித்தர ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான் பயிற்சி தருகிறார்கள். மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கற்றுத்தருகிறார்கள். முதிர்ந்த விதையை வாங்காதே என்று அங்கே சொல்கிறார்கள். கற்றுக்கொண்டு கடைக்கு வந்தால் பொட்டலம் தன் வயதைச் சொல்ல மாட்டேன் என்கிறதே!

விதை தயாரிக்கிறவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய உதவி இல்லை. ஒரு துண்டுச் சீட்டு. என்ன ரகம், பூசணம் சேர்த்த தேதி என்ன, குளிரில் வைக்கலாமா கூடாதா. மூன்றே வரி. ஒட்ட முடியாவிட்டால் அழியாத மையில் எழுதுங்கள். தேதி கேட்டு வருகிறவர்களைச் சண்டைக்கு வந்தவர்களாகப் பார்க்காதீர்கள். மருந்து விற்கிறவர்களே, குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

என் பங்குக்கு நான் செய்வதைச் செய்கிறேன். தெளிப்பானில் "காளானுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். வைக்கோல் கட்டில் அறுத்த மாதம் எழுதிய அட்டை தொங்குகிறது. விதை வீட்டுக்கு வந்ததும் துணி டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதிவிடுகிறேன். ஆனால் நான் எழுதுவது அது என் வீட்டுக்கு வந்த தேதி. அது பிறந்த தேதியை நான் எப்படி எழுதுவேன்?