ரயில் நின்னுபோச்சு, பாதை பிழைச்சது எப்படி?

நியூசிலாந்தின் ஒடாகோவில், கிளைடு அணை கட்டச் சாமான் சுமந்த ரயில் பாதை 1990-ல் மூடப்பட்டது. தண்டவாளம் போச்சு, நிலத்தைத் துண்டு போட்டு விற்கலை. இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993-ல் மொத்தமாக வாங்கியது. விஷயமே அதுதான்.

2000-ல் அது 152 கி.மீ. சைக்கிள் பாதையானது. ரயிலால் செங்குத்தா ஏற முடியாது என்பதால் ஏற்றமெல்லாம் மெதுவானது. புதுசா ஓட்டுறவங்களும் சமாளிக்கலாம். தயேரி, மனுஹெரிகியா ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடக்கச் சில நாள் ஆகும். ராத்திரி தங்கணும், சாப்பிடணும். அந்தக் காசு வழியிலுள்ள சின்ன ஊர்களுக்கே போகுது. ஆரம்பத்தில் எதிர்ப்பும் இருந்தது.

நடுவில் ஒரு துண்டை விற்றாலே பாதை அறுந்துடும். மறுபடி சேர்ப்பது ரொம்பக் கஷ்டம். ரயிலை நிறுத்தும் அரசுகள் நிலத்தையாவது கைவிடாமல் இருக்கணும்.