காற்றுக்குக் கயிறு கட்டுவோம்!

ஆடி மாசம் நாமக்கல் ரோட்டில் ஓடும் லாரியில் தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்தால் என்ன ஆகும்? நாலு பேர் பிடித்தாலும் அடங்காது. அந்த இழுவையை நாம் சும்மா விடலாமா?

1903-இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1984-இல் பிரான்ஸ் நாட்டு லெகெய்னோ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். லாரி டியூப் மாதிரி அது தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி ஏற்றலாம். 2008-இல் ‘பெலுகா ஸ்கைசெயில்ஸ்’ என்ற சரக்குக் கப்பல் 160 சதுர மீட்டர் பட்டத்துடன் அட்லாண்டிக்கைக் கடந்தது. உயரே போகப் போகக் காற்றுக்குப் பலம் அதிகம். பாய்மரக் கம்பமும் வேண்டாம்.

‘நமக்கு ஏதுப்பா கடல்?’ என்பீர்கள். காவிரி இருக்கிறதே! ஆடியில் மேல்காற்று. நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்குப் பரிசலை அது இழுக்காதா? பரிசல் தட்டையானது, காற்றுப்போன பக்கம்தான் போகும், திரும்பத் துடுப்புதான். அடியில் ஒரு பலகை பொருத்தினால்? அதைச் சோதிப்பதுதான் புராஜெக்ட்! மின்கம்பி இல்லாத இடம், மிதவைச் சட்டை, சட்டென அவிழும் முடிச்சு, இவை கட்டாயம்.

நாமோ காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, வைவாவில் முழிக்கிறோம். எங்க வீட்டில் முதல்முதலா படிக்க வந்தவன் நான். வாங்கின மாடலைக் காட்டி, ‘நான் செஞ்சதுப்பா’ என்று அப்பாவிடம் சொல்ல நாக்கு கூசுகிறது. பட்டம் கிழிந்து ஆற்றில் விழட்டுமே! ஏன் கிழிந்தது என்று சொல்லத் தெரிந்தால், அந்த டிப்ளமோ நம்முடையது.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்