இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள்

“இதுக்குப் பேரு கலையாடா?”

விருப்பப் பாடமாக நான் எடுத்த ஒலிக்கலை வகுப்பின் முதல் நாளன்று பக்கத்து இருக்கை நண்பன் என் காதோடு கேட்ட கேள்வி இது. விரிவுரையாளர் அப்போது ஒலிக்கவிட்டது பியேர் ஷேஃபர் எனும் பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் 1948-ஆம் ஆண்டு உருவாக்கிய ஒரு படைப்பு. பாரிஸ் இரயில் நிலையத்தில் நீராவி இயந்திரங்களின் சத்தத்தைத் தட்டுகளில் பதிவு செய்து, சில துண்டுகளை மட்டும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அடுக்கி அமைத்திருக்கிறார். ஏறத்தாழ மூன்று நிமிடம். வாத்தியம் இல்லை, பாடகர் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு வானொலியிலும் அது ஒலிபரப்பாகியிருக்கிறது. “கொமுட்டர் டிக்கெட் வாங்கினா இதையே சும்மா கேக்கலாமே” என்று நான் நண்பனுக்குப் பதில் சொன்னேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சிரிப்பு நின்றது. முதல் இடுபணி: மூன்று நிமிடத்தில், சத்தங்களால் மட்டுமே உன்னை அறிமுகம் செய்.

எனக்கு அது மிக எளிதாகத் தெரிந்தது. நான் தமிழன், தமிழனுக்குச் சத்தத்திற்கா பஞ்சம்? உறுமி மேளம், நாதஸ்வரம், கோயில் மணி, கடைசியில் என் குரலில் ஒரு வணக்கம். ஒரே இரவில் முடித்துவிட்டேன். விரிவுரையாளர் மலாய்க்கார அம்மையார். முழுவதும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பண்பாடு இவருக்கு எப்படிப் புரியும் என்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். அறைக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. உறுமியை நான் பதிவு செய்யவே இல்லை, யூடியூப்பிலிருந்து இறக்கியது. நாதஸ்வரமும் அப்படியே. அந்த மூன்று நிமிடத்தில் என்னுடையது என்று இருந்தது ஒரு வணக்கம்தான். அதையும் நம் கலை இரவு அறிவிப்பாளர் பாணியில் சொல்லியிருந்தேன்.

நண்பர்களே, நாம் மேடையில் காட்டும் சத்தம் வேறு, நம்மை வளர்த்த சத்தம் வேறு. உறுமியை நான் குறை சொல்லவில்லை. தைப்பூசத்தில் அதைக் கேட்டால் இன்றும் என் உடல் சிலிர்க்கும். ஆனால் அது ஆண்டில் சில நாள் மட்டும் வரும் சத்தம். மீதி நாளெல்லாம் எந்தச் சத்தத்தில் நாம் கண் விழித்தோம்?

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கைத்தொலைபேசியை அடுப்படி சன்னலில் வைத்துப் பதிவை முடுக்கிவிட்டேன். மறுபடி கேட்டபோது அதில் இருந்தவை: அம்மா குழாயைத் திறக்கும் சத்தம். தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்து நின்று அடிக்கும் ஹார்ன், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கும் அவசரம். சூராவிலிருந்து வரும் பாங்கு. மேல்வீட்டு ஆ சோ நாற்காலியை இழுக்கும் கீறல். மின்னல் பண்பலையின் காலை அறிவிப்பு. அப்பாவின் மோட்டார், முதல் இரண்டு உதையில் இருமி மூன்றாவதில் பிடிக்கும். ரொட்டிக்காரரின் ஹார்ன். வெயில் ஏறிய பிறகு, ஒலிபெருக்கி கட்டிய லாரியில் அந்த அழியாத குரல்: “சூராட் காபார் லாமா...”

நான் உட்கார்ந்துவிட்டேன். பாங்குச் சத்தம் கேட்டால் எழுந்து குளிக்க வேண்டும் என்பது சிறுவயதிலிருந்து எங்கள் வீட்டு நேரக் கணக்கு. நான் இந்து. ஆனால் அந்தப் பாங்கை எடுத்துவிட்டால் அது என் விடியல் ஆகாது. ஆ சோவின் நாற்காலியும் அப்படித்தான். அடையாளம் என்று வரும்போது ‘நமக்கு மட்டும் உரியது’ எதுவோ அதையே தேடிப் பழகியவர்கள் நாம். காதுக்கு அந்த வேலி தெரிவதில்லை.

இங்கே ஷேஃபரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எந்தப் பொருளிலிருந்து சத்தம் பிறந்தது என்பதை மறந்துவிட்டு, சத்தத்தை வெறும் சத்தமாகவே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முயன்று பார்த்தேன். அப்பாவின் மோட்டார் சத்தத்திலிருந்து அப்பாவை எப்படிக் கழிப்பது? மூன்றாவது உதையிலும் பிடிக்காத நாளில் அப்பாவுக்கு வேலைக்குத் தாமதம். அந்த மாதம் ஊக்கத்தொகை போய்விடும். வீடே அந்த மூன்றாவது உதைக்காகக் காத்திருக்கும். அதைத் தாள லயமாக மட்டும் கேட்க என்னால் முடியாது. பிரான்சிலேயே லுக் ஃபெராரி என்பவர் பின்னாளில் வேறு வழியில் போனார். 1960-களின் இறுதியில், அன்றைய யுகோஸ்லாவியாவின் ஒரு கடலோர ஊரில் விடியற்காலைச் சத்தங்களைப் பதிவு செய்து, பெரிதாக உருமாற்றாமல் ஒரு படைப்பாக்கினார். படகு, கழுதை, சேவல், மனிதப் பேச்சு. ‘கிட்டத்தட்ட ஒன்றுமில்லை’ என்பதே அதன் தலைப்பின் பொருள். என் அடுப்படிச் சன்னலுக்கு அவர்தான் நெருக்கம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, தமிழ்மொழிக் கழகத்து மலரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பக்கத்துச் சிங்கப்பூரைச் சேர்ந்த ஒலிக்கலைஞர் சுல்கிஃப்ளி மாமூட் 2007-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தம் நாட்டின் சார்பில் பங்கேற்றவர்களுள் ஒருவர். ஆனால் அதைவிட நல்ல பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை வரிசைப்படுத்துகிறார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். எட்டில் இரண்டு, சத்தம்! குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று படித்து மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் என்ன? ஒரு நிலத்து மனிதரை அடையாளம் காண அந்த நிலம் எழுப்பும் சத்தமும் வேண்டும் என்பதுதானே? கனடாவின் மர்ரே ஷேஃபர் (பெயர் ஒலிப்பு ஒன்றுபோல இருந்தாலும் இவர் வேறு ஆள்) சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவைக் கூட்டி, வான்கூவர் நகரத்தின் ஒலிச்சூழலைப் பதிவு செய்து 1973-இல் வெளியிட்டார். ஓர் ஊருக்கு அடையாளக் கோபுரம் இருப்பதுபோல அடையாளச் சத்தமும் உண்டு, அதைக் காக்க வேண்டும் என்றார். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. அன்று யாராவது ‘உன் அடுக்குமாடிக்கு என்ன பறை?’ என்று கேட்டிருந்தால், பழைய பேப்பர் லாரி என்று எழுதி அரை மதிப்பெண்ணாவது வாங்கியிருப்பேன்.

ஆனால் காக்க வேண்டும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. அதற்குக் காரணம் என் பாட்டி.

பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் செம்பனையாகி, பிறகு தாமானாகிவிட்டது. தோட்டத்துச் சத்தமும் என் பதிவில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரட்டுக்கு அடிக்கும் மணியைப் பற்றிக் கேட்டேன். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் தட்டுவார்களாம். எனக்கு அது ஒரு கவிதையாகப் பட்டது. இருட்டு, பனி, மணியோசை! பாட்டியின் முகம் வேறாக இருந்தது. “அந்தச் சத்தத்த எதுக்குய்யா கேக்குற? இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது” என்றார். கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு, மணி நிற்பதற்குள் பெரட்டில் நிற்க வேண்டும். பிந்தினால் கிராணி வாயில் விழ வேண்டும், சில நாள் வேலையே இல்லாமல் திரும்ப வேண்டும். சத்தம் ஒன்றுதான், பேரனுக்கு ஏக்கம், பாட்டிக்குப் பயம். தோட்டத்தைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதும் நம் தலைமுறை (நானும் எழுதியிருக்கிறேன், சென்ற ஆண்டு மலரில் இருக்கிறது, தயவுசெய்து தேட வேண்டாம்) பாட்டிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம்.

இந்த வகுப்பில் என்னை மிகவும் ஆட்டிவைத்த படைப்பு ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்கர் 1969-இல் செய்தது. அவருக்குத் திக்குவாய். ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு, அதை மறுபடி பதிவு செய்கிறார். அதை மறுபடியும். ஒவ்வொரு முறையும் அந்த அறை தனக்கு இசைந்த அதிர்வுகளை மட்டும் கூட்டி, மற்றவற்றைக் கரைத்துவிடுகிறது. போகப் போகச் சொற்கள் மங்கி, கடைசியில் மணி ரீங்காரம்போல் ஏதோ மிஞ்சுகிறது. தம் பேச்சில் இருக்கும் மேடுபள்ளங்களைச் சமப்படுத்த இது ஒரு வழி என்ற பொருளில் அவரே அந்தப் பதிவில் சொல்கிறார். அதைச் சொல்லும்போதும் திக்குகிறார்.

எனக்கு இது அறிவியல் விளையாட்டாகத் தெரியவில்லை. முதலாம் படிவத்தில் என் கதைதான் அது. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம், மலாய்ப் பாடத்தில் ஒரு பத்தியை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். என் தகரமெல்லாம் நாவை மடித்துச் சொல்லும் டகரமாக வந்திருக்கிறது. வகுப்பே சிரித்தது; ஆசிரியரும் லேசாகச் சிரித்தார். அன்று முதல் குளியலறையில் பேசிப் பழகினேன். ஐந்து ஆண்டு, அதே அறை, அதே பேச்சு, திரும்பத் திரும்ப. ஐந்தாம் படிவத்தில் தொலைபேசியில் பேசினால் நான் என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றி என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு தீபாவளியன்று தமிழ்ப்பள்ளி நண்பன், “என்னடா, தமிழையும் மலாய்க்காரன் மாதிரி பேசுற?” என்றான்.

லூசியரின் படைப்பில் அறை வென்றுவிட்டது என்று வகுப்பில் பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல் எல்லாம் கரைந்த பிறகும், அவர் எங்கே நிறுத்தினார், எங்கே திணறினார் என்ற அந்த நடை ரீங்காரத்துக்குள் நெடுநேரம் கேட்கிறது. நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

குரலை வைத்து ஆளை முத்திரை குத்துவது எவ்வளவு ஆபத்து என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அடைக்கலம் கேட்டு வருபவரின் உச்சரிப்பை ஆராய்ந்து, அவர் சொல்லும் ஊர் உண்மைதானா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் முடிவெடுக்க முயன்றதைப் பற்றி லாரன்ஸ் அபு ஹம்டான் என்ற கலைஞர் 2012-இல் ஓர் ஒலிப் படைப்பு செய்திருக்கிறார். பல ஊர் சுற்றிப் பிழைத்தவனின் நாவில் பல ஊர் இருக்கும். அதையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கினால் அவன் எங்கே போவான்? ஆகவே ‘தூய தமிழ்ச் சத்தம் எது’ என்று பட்டியல் போடும் வேலை நமக்கு வேண்டாம். என் விடியற்காலைப் பதிவு அந்தத் தேர்வில் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடும்.

நம் கழகத்திடம் நான் கேட்பது வேறு. ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் கலை இரவுக்கும் செலவிடுகிறோம், நல்லது. அதோடு ஒரு சிறு வேலை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு விடியலை ஒரு பத்து நிமிடம் பதிவு செய்து வரட்டும். கைத்தொலைபேசி போதும். எந்த ஊர், என்ன தேதி, யார் வீடு, அதில் கேட்பது என்னென்ன என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி இணைக்கட்டும். இசை சேர்க்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். ரொட்டிக்காரர்கள் குறைந்துவருகிறார்கள். எங்கள் வட்டாரத்து ரொட்டிக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அந்த ஹார்ன் இன்னும் எத்தனை ஆண்டு ஒலிக்கும்? முன்னாள் மாணவர்களிடமும் பழைய ஒலிநாடாக்கள் இருக்கக்கூடும். கல்யாணப் பதிவில் பின்னால் கேட்கும் ஒரு குழந்தை அழுகை, ஒரு தோட்டத்து நாய்க் குரைப்பு, அவையும் வரட்டும். வீட்டில் உள்ளவர்களின் சம்மதம் மட்டும் கட்டாயம்.

சம்மதம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரட்டு மணியைப் பற்றிப் பேசிய அன்று, அது எப்படித்தான் ஒலிக்கும் என்று நான் விடாமல் கேட்டதில், பாட்டி கரண்டியை எடுத்து எவர்சில்வர் குவளையில் மூன்று தட்டு தட்டினார். “இப்படித்தான். ஆனா இதவிடப் பெருசா.” உடனே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கைத்தொலைபேசி அப்போது பதிவில் இருந்தது. இடுபணியில் சேர்க்கலாமா என்று கேட்டேன். “வேணாம்யா” என்றார். சேர்க்கவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. கழகம் இந்த வேலையைத் தொடங்கினால், பாட்டியிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பேன்.