வைட்னர் பூசிய வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. மென்பொருள் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

"சார், கமிட் வரலாறு அசிங்கமா இருந்தா ரிவியூ பண்றவங்க சிரிப்பாங்க. அதான் ரீபேஸ் பண்ணி, ஃபோர்ஸ் புஷ் பண்ணிடறோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதையே நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே சுருக்கொப்பம். வைட்னர் பூசினால் ஆய்வுக்கு வரும் அதிகாரி சும்மா விடமாட்டார். தவறு எழுதியது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

கிட்டும் ஒரு பதிவேடுதான். 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. வழக்கமாக 40 எழுத்து. முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்தே அது கணக்கிடப்படுகிறது. ஆகவே பழைய கமிட்டில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், பின்னால் வந்த அத்தனை கமிட்டுகளின் அடையாளமும் மாறிவிடும். அதை ஃபோர்ஸ் புஷ் செய்தால் உங்களிடம் ஒரு வரலாறு, சக ஊழியரிடம் வேறொரு வரலாறு. இடையில் அவர் அனுப்பிய வேலை கிளையிலிருந்தே காணாமல் போகலாம். ரீஃப்ளாக்கில் தேடி மீட்கலாம் என்பீர்கள். காணாமல் போனது முதலில் யாருக்காவது தெரிய வேண்டுமே!

"கடவுச்சொல் தவறிப்போய் ஏறிவிட்டால்?" நியாயமான கேள்வி. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏற்கெனவே நகல் எடுத்தவரிடமிருந்து எந்த ரீபேஸும் அதைப் பிடுங்காது. பிறகு வரலாற்றைச் சுத்தம் செய்வதென்றால், குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

யாருக்கும் அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே இருக்கும் கமிட்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்துங்கள். அது உங்கள் ரஃப் நோட்டு. பகிர்ந்த பிறகு அது கொடுத்துவிட்ட விடைத்தாள். அதில் தவறு தெரிந்தால் ரிவர்ட் இருக்கிறது. பழையதை அழிக்காமல், அதை ரத்து செய்யும் புதிய கமிட்டைச் சேர்க்கும். நம் சிவப்புக் கோடும் சுருக்கொப்பமும் அதுதான்.

ஆறு மாதம் கழித்து ஒரு பிழை முளைக்கும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று தேடப்போவது புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை. மெருகேற்றிய வரலாற்றில் அந்தப் பிள்ளைக்குக் காரணமும் கிடைக்காது, ஆறுதலும் கிடைக்காது. மூத்தவர்கள் யாருமே தடுமாறியதில்லை, தான் மட்டும்தான் மக்கு என்று நினைத்துக்கொள்ளும். வகுப்பறையில் இப்படித்தான் பல பிள்ளைகள் கேள்வி கேட்பதையே நிறுத்துகிறார்கள்.

குழுத் தலைவர்களாக இருக்கும் மாணவர்களே, பொதுக் கிளைகளில் ஃபோர்ஸ் புஷ்ஷைத் தடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எழுதியதை அழிக்காமல் வாதாடுவோம்.