பூட் ஆகலைன்னா ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு அர்த்தமில்லை!

கணக்குப் பதிவியல் படிக்கிற பையனுக்கு கம்ப்யூட்டர் பூட் ஆவதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் பேசுகிறேன்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு வருட நீட்டிப்பு அறிவித்தார்கள். ஆனாலும் "நம்ம பழைய சிஸ்டத்துல 11 ஏறுமா?" என்ற கேள்வி எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டது. ஏற்றிப் பார்த்தால், "இந்த கம்ப்யூட்டர் தகுதியற்றது" என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். கடைக்குப் போனால் "புதுசு வாங்கிடுங்க சார்". அவ்வளவுதான், முடிந்தது!

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "முடியாது" என்பதும் "அணைத்து வைத்திருக்கிறது" என்பதும் ஒன்றா? விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 மூன்றும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். பிராசஸரே பழசு என்றால் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிராசஸர் தகுதியானதாக இருந்தும், டிபிஎம் வசதி பயாஸ் திரையில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் மதர்போர்டுகள் நிறைய உண்டு. இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். அதை இயக்கினால் போதும். ஒரு சுவிட்சுக்காக ஒரு கம்ப்யூட்டரையே கழித்துக்கட்டுவது என்ன நியாயம்?

சரி, அடுத்த கூத்துக்கு வருவோம். யாரோ வீடியோவைப் பார்த்துவிட்டு பயாஸில் 'லெகசி' என்பதை 'யூஇஎஃப்ஐ' என்று மாற்றிவிடுகிறார்கள். மறுபடி ஆன் செய்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது. உடனே ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஃபார்மேட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையில் எதுவும் போகவில்லை. பழைய பயாஸ் முறை, எம்பிஆர் வகை டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கும் சின்ன நிரலை எடுத்து ஓட்டும். யூஇஎஃப்ஐ முறை, ஜிபிடி வகை டிஸ்கில் தனியாக ஒரு பார்ட்டிஷனில் இருக்கும் பூட் ஃபைலைத் தேடும். பேரேடு பத்திரமாக அலமாரியில் இருக்கிறது, தணிக்கையாளர் வேறு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கணக்கே இல்லை என்கிறார். அவ்வளவுதான் விஷயம்! பழையபடி 'லெகசி'க்கு மாற்றினால் அதே விண்டோஸ் எழுந்து உட்காரும்.

முறையாக மாற்றவும் வழி இருக்கிறது. 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் டிஸ்கை மாற்றித்தரும். முதலில் பேக்கப், அடுத்து இந்தக் கருவி, கடைசியில்தான் பயாஸ் செட்டிங். வரிசை மாறினால்தான் வம்பு.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணனுக்கு இதுதான் நடந்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் செய்துவிட்டார்கள். இரண்டு வருடக் கடன் கணக்கு காலி. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். 40,000 ரூபாய்க்கு வாங்கியது, குறைந்து செல் மதிப்பு முறையில் நான்கு வருடத்தில் 5,184 ரூபாயாகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் கணக்குக்குத் தேய்மானம் உண்டா? அதை எந்த ஏட்டில் எழுதுவது?

"செக்யூர் பூட் பாதுகாப்புக்குத்தானே" என்பீர்கள். நல்லதுதான். விண்டோஸ் எழும் முன்பே புகுந்துகொள்ளும் பூட்கிட்களைத் தடுக்க அது தேவை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், கூடவே லினக்ஸ் வைத்திருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸைப் பூட் ஆக விடாமல் செய்தது. இரட்டை பூட் உள்ள கம்ப்யூட்டர்களை அது தொடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதத்தில். அதுவரை பயாஸுக்குள் போய்ப் போராடியது யார்? நம்மைப் போன்றவர்கள்தான்.

என் கருத்து இதுதான். பூட் செட்டிங்கை மாற்றச் சொல்பவர், பழைய செட்டிங் என்ன என்பதையும் திரும்பிப் போகும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர். அது மைக்ரோசாஃப்டாக இருந்தாலும் சரி, தெருமுனைக் கடையாக இருந்தாலும் சரி. ரசீது தருவது போல, "முன்பு இது, இப்போது இது" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதித்தர என்ன செலவாகிவிடும்?

அதுவரை நாமே செய்துகொள்வோம். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். லெகசியா யூஇஎஃப்ஐயா, குறித்துக்கொள்ளுங்கள். பயாஸ் திரைகளை மொபைலில் ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், செக்யூர் பூட்டைத் தொட்டாலே அதைக் கேட்கக்கூடும். கடையில் கொடுக்கும்போது "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யாதீங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.