பின் பெஞ்சுக்குப் போன நண்பன்



காலேஜில் கடைசி பெஞ்ச் என்றால் நமக்கு ஒரு கெத்து. நாமாகத் தேடிப் போய் உட்காரும் இடம் அது. ஆனால், உங்களை மட்டும் எழுப்பி, 'நீ அங்கே போ' என்று அனுப்பினால்? வலிக்கும்ல?

ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் அப்படி அனுப்பப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பையனை உங்களுக்கு நல்லாவே தெரியும். அப்துல் கலாம்!

மசூதித் தெருவில் கலாம் வீடு. பத்து நிமிஷம் நடந்தால் ராமநாதசுவாமி கோயில். தெருவில் முஸ்லிம் வீடுகள்தான் அதிகம். கூடவே சில இந்துக் குடும்பங்களும் உண்டு. அப்பா ஜைனுலாப்தீனும் கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியும் நெருங்கிய நண்பர்கள். சீதா ராமர் கல்யாண உற்சவத்துக்கு, சாமி சிலைகளை ராமர் தீர்த்தத்தின் நடுவே கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்ததே கலாம் வீட்டார்தான்.

சாஸ்திரியின் மகன் ராமநாத சாஸ்திரியும் கலாமும் முதல் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில். ஒருவன் தலையில் தொப்பி, இன்னொருவன் மார்பில் பூணூல். புதுசா வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. முதல் பெஞ்சிலேயே இருந்த நண்பன் அழுதுட்டான்! தன் இடம் பறிபோன வருத்தத்தோடு, அந்த அழுகையையும் கலாம் கடைசிவரை மறக்கவில்லை. 1999-ல் வந்த சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார்.

பள்ளி விட்டதும் ரெண்டு பேரும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்தார். பிஞ்சு மனசில் விஷம் விதைக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுக் கிளம்புங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆசிரியர் வருந்தினார், பிறகு மனசும் மாறினார்.

யோசிச்சுப் பாருங்க. 'நம்ம இடம் பத்திரமாத்தானே இருக்கு' என்று அந்தச் சின்னப் பையன் வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?

ஹாஸ்டலில் 'நீ என்ன ஆளுங்க?' என்று ஒருத்தனைக் கேட்கும்போதும், மெஸ்ஸில் ஒருத்தன் தனியா சாப்பிடும்போதும் முதல் பெஞ்சில் இருப்பது நீங்கதான். 'நமக்கென்ன மச்சான்' என்று நகராதீங்க. தட்டை எடுத்துட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்காருங்க.

2015-ல் மறைந்த கலாமின் நினைவிடம் ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் இருக்கு. அடுத்த டூரில் அங்கே செல்ஃபி எடுத்ததும், அப்படியே மசூதித் தெருவிலும் ஒரு நடை நடந்துட்டு வாங்க. கிளாஸ்ல இதுவரை நீங்க பேசாத ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க!