குத்தகைக்காரர் எப்போது காணிக்காரர் ஆனார்?



நமது தேயிலை மலைகள் காடாகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பனி கைவிட்டதால் மானாவும் பற்றையும் மூடிய காடு. மற்றது, கம்பனியே நட்டு வளர்க்கும் டர்பன்டைன் காடு. முதலாவதில் குளவியும் சிறுத்தையும் குடியேறுகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்கள் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரண்டாவதில் "உட்பிரவேசம் தடை" என்ற பலகை குடியேறுகிறது.

எந்த மலையில் மரம் நடுவது, எந்தப் பாதையை மூடுவது என்று கம்பனி எதை வைத்துத் தீர்மானிக்கிறது? கொழுந்துக்கு வாராவாரம் ஆள் வேண்டும். மரத்துக்குத் தொடக்கத்தில் புல் வெட்டினால் போதும். வளர்ந்தபின் மொத்தமாகக் காசு. கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நமது வேலைநாள் இல்லை, விறகு இல்லை, பீலித் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்குப்பாதையும் இல்லை.

"எங்கள் காணி, எங்கள் தீர்மானம்" என்கிறார்கள். காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை வந்தது. காணி விற்கப்படவில்லை. வாடகைக்கு இருப்பவர் பக்கத்துக் குடித்தனத்தின் வாசலை அடைக்கலாமா?

அரசாங்கத்தால் தலையிட முடியாது என்பதும் பொய். 2021 இல் முள்ளுத்தேங்காய்ப் பயிர்ச்செய்கையை அது தடை செய்தது. எதை நடக்கூடாது என்று அன்று சொல்ல முடிந்தவர்களால், வழியை மூடாதே என்று இன்று சொல்ல முடியாதா?

1867 இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அந்த நாட்டில் காடுகளில் பெரும் பகுதி தனியார் சொத்து. ஆனாலும் 2003 ஆம் ஆண்டின் சட்டப்படி, பயிருக்கோ வீட்டுக்கோ கேடு செய்யாமல் எவரும் அவற்றினூடாக நடந்து போகலாம். காணிக்காரர் காரணமின்றி மறிக்க முடியாது. கிராமத்து மக்கள் முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால், காணி விற்பனைக்கு வரும்போது வாங்கும் முன்னுரிமையும் அவர்களுக்கு உண்டு. துரைமார் வந்த நாட்டில் சொந்தக்காரருக்கே இல்லாத அதிகாரம், இங்கே குத்தகைக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

மரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேயிலை நிற்காத செங்குத்துச் சரிவில் மரம் மண்ணைப் பிடிக்கும். அங்கே வாழ்பவரைக் கேட்காமல் தீர்மானிக்காதே என்கிறோம். நமது கோரிக்கைகள்:

1. தேயிலை மலையை மரக்காடாக்கும் முன் தோட்டக் கமிட்டிக்கு எழுத்தில் அறிவித்துப் பேச வேண்டும்.

2. பாடசாலை, கோயில், மயானம், பீலி ஆகியவற்றுக்குச் செல்லும் பாதைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுத் திறந்திருக்க வேண்டும். காய்ந்த விறகு பொறுக்குவதைக் குற்றமாக்கக் கூடாது.

3. கைவிட்ட மலைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். முடியாவிட்டால் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்தில் காடான மலைகளின் நம்பர்களையும் மூடிய பாதைகளையும் எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் நமது வார்த்தைக்குப் பலம்.